மெயின்ல தண்ணி விழுது

விலை கூடிய வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டாது என்று நான் நம்பியிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய, இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த ஒரு மனுசன் இதை நம்பினான் என்று சொன்னால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. என்னிடம் இருக்கிற லோடு வேனிலிருந்து எல்லாம் சொட்டும். ஆயில் சொட்டும், டீசல் சொட்டும். ஒரு தடவை கடையநல்லூர்க் கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றிப் போகையில் ஒரு நட்டே சொட்டி, நான் திரும்பி நடந்து போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அது மலிவான வண்டி, அதனால் சொட்டுகிறது. அப்படியென்றால் விலை ஏற ஏறச் சொட்டுவது குறைய வேண்டும். ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜை நிலத்தோடு வாங்குகிற விலைக்கு ஒரு வண்டி இருக்குமானால், அது கருவாடு மாதிரி காய்ந்து கிடக்க வேண்டும். இதுதான் என் கணக்கு. இந்தக் கணக்கால் நான் கெட்டிருந்தால் பரவாயில்லை. என் சேக்காளியின் காரியம் அல்லவா கெட்டுப்போனது.

என் தொழில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவது. குத்துக்கல்வலசையில் எனக்குத் தகரக் கூரை போட்ட பெரிய செட் இருக்கிறது. அதில்தான் அந்த வண்டி ஆறு மாதம் கிடந்தது.

வண்டி என் சேக்காளியுடையது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் வளைகுடா நாட்டுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனவன். போய் முப்பது வருஷத்தில், பெரிய பெரிய கட்டடங்களுக்கு மொத்தமாக ஏசி போட்டுக் கொடுக்கிற ஆளாகிவிட்டான். அவனும் ஒரு கோட்டயத்துக்காரரும் கூட்டு. என் மனைவி அவனை அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் அவன் எனக்கு மச்சான் முறை என்றும், மச்சான் என்ற முறையில் அவன் எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவே இல்லை என்றும் நான் அவனிடம் அடிக்கடி சொல்வதுண்டு.

அவனுக்கு ஒரு குறை இருந்தது. முப்பது வருஷமாக அவன் குற்றாலத்தில் சாரல் பார்த்ததில்லை. இங்கே சாரல் விழுகிற ஆனி, ஆடி மாதங்களில்தான் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். ஏசிக்காரனுக்கு அதுதான் அறுவடைக் காலம். ஊரே ஏசிக்காக அலறும்போது ஏசிக்காரன் எப்படி ஊருக்கு வர முடியும். அதனால் அவன் வருகிறதெல்லாம் மாசி, பங்குனியில். அருவிப் பாறை உப்புப் பூத்து நிற்கும். "ஊருக்கெல்லாம் குளிர வித்துட்டு நான் இங்கன வந்து வெந்து சாவுதேன்லே" என்பான்.

அந்த வருஷம் பங்குனியில் அவன் வண்டியோடு வந்தான். அங்கேயே யாரோ அவசரமாக விற்றதை மூன்றாவது கையாக வாங்கி, கப்பலில் கொச்சிக்குக் கொண்டுவந்து, அங்கேயிருந்து மூடிய லாரியில் தென்காசிக்கு. தற்காலிகப் பேப்பரில் வந்த வண்டி. ஆறு மாதத்துக்குள் திருப்பி நாட்டை விட்டு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அதுவரை அவன் ஒருவன்தான் ஓட்டலாம், வேறு யாரும் ஓட்டக் கூடாது. அவன் வீட்டுத் தெருவில் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். அதனால் என் செட்டு.

லாரியிலிருந்து இறக்கியபோது அது ஒரு வண்டி என்று எனக்குப் படவில்லை. யாரோ மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கிவிட்ட மாதிரி இருந்தது. என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கண்ணாடி ஆரம்பித்தது. எதிர்க் கடை அண்ணாச்சி வந்து முன்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தால் உள்ளே ஒரு பெட்டி வைக்கிற அளவுக்குப் பள்ளம், அவ்வளவுதான்.

"எஞ்சின் எங்கப்பா?" என்றார்.

"கொச்சியில எடுத்துட்டானுவ அண்ணாச்சி" என்றேன் நான். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். எஞ்சின் பின்னால் இருக்கிறது என்று சேக்காளி சொல்லிக் காட்டிய பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

விலை என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ராத்திரி தூக்கம் வராது என்று தெரியும். ஆனால் கேட்காமலே அவன் ஒவ்வொன்றாகச் சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தான். டயர் நாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடுமாம். மாற்றுகிற செலவுக்கு நான் ஒரு கல்யாண மண்டபத்துக்கே புது நாற்காலி போட்டுவிடலாம். ஆயில் மாற்ற ஆள் விமானத்தில் வருவானாம். அவனுக்கு ஓட்டலில் ரூம் போட வேண்டும், ரூமில் ஏசி இருக்க வேண்டும். இன்சூரன்சுக்கு அவன் வருஷா வருஷம் கட்டுவதைக் கேட்டபோது, அந்த வண்டிக்குக் கீழே படுத்திருக்கிற பூனை எவ்வளவு கொடுத்து வைத்தது என்று நினைத்தேன். ஒரே ஒரு வைப்பர்தான் அதற்கு. அந்த வைப்பர் ஒடிந்தால் என் பந்தல் சாமான் பாதியை விற்க வேண்டும்.

இத்தனைக்கும் அது குத்துக்கல்வலசையில் ஒரு வேகத்தடையைத் தாண்டத் திணறியது. மூக்கைத் தூக்குவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் ஒட்டகம் எழுந்திருக்கிற மாதிரி முன்பக்கம் எழுந்திருக்கும். எழுந்தும் போதவில்லை. நான் மேடை போடுகிற பலகை இரண்டைக் கொண்டுவந்து போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று, குனிந்து குனிந்து பார்த்துத்தான் அதை நாலு வழிச்சாலைக்கு ஏற்றினோம். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்று நொடி ஆகாத வண்டி, எங்கள் தெருமுனையைத் தொட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது.

அன்று விடிந்தும் விடியாமலும் ஆலங்குளம் போகிற பாதையில் ரோடு காலியாகக் கிடந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான். உட்கார என்று சொன்னது மரியாதைக்கு. படுத்திருந்தேன்.

"பெல்ட்டு போட்டியா?"

"போட்டாச்சு. ஒரு நிமிசம் பொறு, வீட்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருதேன்."

"ஆயிரம் குதிரைலே இதுல. தலைய சாச்சி வச்சிக்கோ."

மிதித்தான். எனக்குப் பின்னால் ஒரு ரைஸ் மில் ஓட ஆரம்பித்தது. என் தலையை நான் சாய்க்கவில்லை, அதுவே போய்ச் சாய்ந்துகொண்டது. கன்னம் இரண்டும் காதுப் பக்கம் போயின. வயிறு மட்டும் குத்துக்கல்வலசையிலேயே இறங்கிக்கொண்டது. நான் கத்தினேன் என்று அவன் இன்றுவரைக்கும் ஊரெல்லாம் சொல்கிறான். நான் கத்தவில்லை. "நிறுத்துலே, டீ குடிப்போம்" என்று நிதானமாகத்தான் சொன்னேன். அந்த நிதானம் கொஞ்சம் உச்ச ஸ்தாயியில் வந்திருக்கலாம். அதற்குள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் தெரிந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். வயிறு வந்து சேர்ந்துகொண்டது.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நாலாம் வகுப்பில் வாத்தியார் நாற்காலியில் வஜ்ரப் பசை தடவிவிட்டு சிரித்த அதே சிரிப்பு. திரும்பி வருகையில் வண்டியை முப்பதுக்கு மேல் விடவில்லை.

"இதெல்லாம் ஒண்ணுங்கெடையாதுலே" என்றான். "இது எவன் மிதிச்சாலும் போவும். எனக்கு வேண்டியது வேற. சாரல்ல இத எடுத்துட்டு மெயினருவிக்குப் போணும். மெதுவா. மாட்டு வண்டி மாதிரி. கண்ணாடிய ரெண்டு பக்கமும் இறக்கி வச்சிக்கிட்டு. இந்தச் சீட்டெல்லாம் நனையணும். நனைஞ்ச சீட்ல உக்காந்து நீ ஒளறணும், நான் கேக்கணும்."

"சீட்டு நனைஞ்சா என்ன விலை ஆவும்?"

"அதுக்குத்தானலே சம்பாதிச்சேன், மூதி."

அந்த வருஷம் ஒரே ஒரு தடவை, நாலு நாள், சீசனில் வந்துபோவதற்குக் கோட்டயத்துக்காரரிடம் பேசி வைத்திருந்தான். பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றை ஒப்படைக்கிற வருஷம் அது. நாலு நாளுக்கு மேல் அவர் விட மாட்டார், இரண்டாம் தடவையும் விட மாட்டார். பணம் வந்த பிறகும் அவனுக்கு லீவு கொடுக்க இன்னொருவர்தான் வேண்டியிருந்தது. விமானம் ஏறப் போகையில் டாக்சிக் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி விழுந்தா போன் போடு. வந்துருதேன்."

தென்காசிக்காரனுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசி கடைசியிலிருந்து எங்கள் ஊரில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. பஸ்ஸில், பேங்கில், துக்க வீட்டில்கூட, "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்போம். எந்தத் தண்ணி, எங்கே விழுகிறது என்று கேட்கிறவன் வெளியூர்க்காரன். குற்றாலத்து அருவிகளில் விழுவதைத் தவிர எங்களுக்கு வேறு தண்ணி இல்லை.

வாரத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கிளப்பி, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. நகர்த்தக் கூடாது, நின்ற இடத்திலேயே. நான் அதை ஒரு விரதம் மாதிரி செய்துவந்தேன். செருப்பைக் கழற்றி, கால் துடைத்து, உள்ளே இறங்கி, பொத்தானை அமுக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டு எதையும் தொடாமல் இருப்பேன். வைகாசியில் தகரக் கூரை கொதித்தது. ஒரு நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் ஏசியைப் போட்டேன். ஆகா, ஏசிக்காரன் வண்டியில் ஏசி எப்படி இருக்கும். பத்து நிமிஷம் அரை மணி ஆயிற்று. கொஞ்சம் கண்ணயர்ந்தும் விட்டேன்.

இறங்கி வந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் தரை நனைந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். நடு வயிற்றிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. அப்புறம் இன்னொன்று. என் வேனில் ஏசி கிடையாது. ஏசி போட்டால் வண்டி தண்ணீர் விடும் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே எங்கேயோ ஒரு லாட்ஜ் ஒழுகுகிறது. முதலில் சாமி கும்பிட்டேன். அடுத்து, ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்று, முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டாவை உருட்டிக்கொண்டுவந்தேன். அண்டா அடியில் நுழையவில்லை. தாம்பாளம் வைத்தேன். சுற்றிப் பந்தல் கயிறு கட்டினேன். எதிர்க் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார், அவரையும் உள்ளே விடவில்லை. தாம்பாளம் நிறையும் முன்பே எடுத்து அண்டாவில் ஊற்றி, மறுபடி வைத்து, அதற்கும் இடையில் போன் போட்டேன்.

அவன் அந்தச் சொல்லை எனக்கென்று கொடுத்துவிட்டுப் போயிருந்தது அந்த நேரம் என் புத்தியில் இல்லை.

"லே, தண்ணி விழுது" என்றேன்.

அந்தப் பக்கம் சுவரைத் துளைக்கிற சத்தம். "என்னது? சத்தமாச் சொல்லு."

"தண்ணிலே, தண்ணி. தண்ணி விழுது."

துளைக்கிற சத்தம் நின்றது. அவன்தான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். "நெசமாவா சொல்லுத?"

"கண்ணால பாத்துட்டுல்லா சொல்லுதேன்."

"இன்னும் ஆனி பொறக்கலயே."

இந்த மாசத்தில் வண்டி இப்படி ஆகாது என்கிறானோ என்று நினைத்துக்கொண்டேன். "மாசத்தப் பாத்துட்டா விழும்? விழுது."

"எதுல? மெயின்லயா?"

மெயின் என்றால் எஞ்சினின் முக்கியமான பாகம் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. "மெயின்லதான்னு நெனைக்கேன். நடுவுலேருந்துதான் வருது."

"நல்லா விழுதா?"

"நிக்கவே மாட்டேங்கு."

"ஆளுவள விடுதானா?"

"ஒருத்தரயும் பக்கத்துல விடல. கயிறு கட்டியாச்சு."

"கயிறு கட்டியாச்சா" என்றான். மெயினருவியில் வெள்ளம் வந்தால் போலீஸ்காரர்கள் கயிறு கட்டித்தான் ஆளை நிறுத்துவார்கள். "நான் வாரேன்லே. நாளைக்கே வாரேன்" என்று வைத்துவிட்டான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வீட்டுக்குள் போய், "பாத்தியாட்டி, பொறுப்புன்னா இது. ஒரு சொட்டு விழுதுன்னு சொன்னேன், பிளேன் ஏறி வாரான்" என்றேன்.

என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "மாடியில டேங்கு நெறஞ்சு தண்ணி விழுது, தண்ணி விழுதுன்னு தெனமும்தான் நான் கத்துதேன். கீழேருந்து ஒரு ஆம்பள எந்திரிச்சு வந்து மோட்டார நிறுத்துனதில்ல. பிளேன்ல வாராராம்."

மறுநாள் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான். "துண்டு எடுத்து வச்சிரு. பெரிய துண்டா."

தரை துடைக்க என்று எடுத்துக்கொண்டேன். செட்டில் இருந்த பழைய மேசை விரிப்புகளையெல்லாம் கிழித்து அடுக்கி வைத்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து டாக்சியில் ஆரியங்காவு வழியாக வந்தான். கையில் சின்னப் பை மட்டும். அரைக்கால் சட்டை. முகம் அப்படியொரு முகமாக இருந்தது. இறங்கினதும், "தங்கச்சி, எண்ணெய் இருக்கா? தலைக்குக் கொஞ்சம் வச்சிட்டே போயிருதோம்" என்றான்.

"தலைக்கா?" என்று அவள் என்னைப் பார்த்தாள்.

எனக்கு எண்ணெய் மட்டும்தான் காதில் விழுந்தது. "ஆயிலையெல்லாம் நான் தொடவே இல்லலே. உன்னக் கேக்காம தொடுவேனா."

"ஒளறாத. சாவிய எடு, போவோம்."

"இந்த நெலமையில எங்கலே போவ?"

"மெயினுக்குத்தான். வேற எங்க."

"மெயின்ல என்னலே இருக்கு? பாறைதான் இருக்கு."

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். என் பிழைப்பே விளையாட்டாகப் போனதால், நான் உண்மை சொன்னாலும் ஒருத்தரும் உடனே நம்புவதில்லை. அவனைக் கையைப் பிடித்து செட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். கயிற்றைத் தூக்கிக் காட்டினேன். தாம்பாளத்தைக் காட்டினேன். அண்டாவின் மூடியைத் திறந்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நான் சேர்த்து வைத்திருந்ததைக் காட்டினேன்.

"இதா?" என்றான்.

"இதான். மெயின்லேருந்து விழுந்தது."

அண்டாவுக்குள் கையை விட்டு விரலை நனைத்தான். தேய்த்துப் பார்த்தான். "ஏசி போட்டியா?"

"வெக்கையா இருந்துது. செத்த நேரம் போட்டேன்."

"ஏசித் தண்ணிலே இது" என்றான்.

முப்பது வருஷமாக அந்தத் தண்ணீர் வழிந்து போவதற்குத்தான் அவன் ஊர் ஊராகக் குழாய் போட்டிருக்கிறான். விமானத்தில் வந்து என் அண்டாவில் அதைப் பார்த்தான்.

அவன் திட்டுவான் என்று நான் காத்திருந்தேன். மூதி என்பான், சவமே என்பான், அண்டாவைத் தூக்கி என் தலையில் ஊற்றுவான், மூன்று பேரும் சிரிப்போம், இந்தக் கதை எங்கள் காலம் முடிகிற வரைக்கும் ஓடும் என்றெல்லாம் நினைத்தேன். அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வண்டியின் மேல் சாய்ந்து நின்றான். "பிளேன்ல ஏறும்போது போன்ல பாக்கலாம்னுதான் நெனைச்சேன். எவனாவது வீடியோ போட்டிருப்பான்ல. அப்புறம், நீதான் சொல்லியாச்சே, இனி எதுக்குன்னு பாக்கல" என்றான்.

இதை அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு நல்ல சிரிப்புக்கு வழி இருக்கிறதா என்று தேடினேன். என்னிடம் எப்போதும் கையிருப்பு உண்டு. அன்று ஒன்றும் இல்லை.

மிச்சம் மூன்று நாள் இருந்தது. கோடை மழை ஒன்று மலையில் பெய்தால் போதும், அருவியில் ஒரு நாளைக்காவது தண்ணீர் வரும். வைகாசியில் அப்படி வந்திருக்கிறது. அதனால் காத்திருந்தோம். செட்டு வாசலில் என் நாற்காலி இரண்டைப் போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தோம். அவனுக்காக நான் வானிலை ஆராய்ச்சி செய்தேன். "அந்தா அந்த மேகம் கறுத்திருக்கு பாரு" என்பேன். "அது புகைலே" என்பான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோட்டயத்துக்காரர். நாலாவது மாடியில் குளிர் ஏறவில்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள் கத்துகிறார்கள். இவன் மலையைப் பார்த்தபடியே மலையாளத்தில் குழாய்க்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"சும்மாவாச்சும் ஒரு தடவ போயிட்டு வருவோமாலே?" என்றேன். "சாரல் இல்லன்னா என்ன. பலகைய நான் போடுதேன்."

"காஞ்ச பாறையப் பாக்கவா? அதத்தான் முப்பது வருசமா பாத்திருக்கேனே."

கடைசி நாள் சாயங்காலம் மேற்கே நிஜமாகவே கறுத்தது. காற்று குளிர்ந்து வந்தது. அவன் எழுந்தான். வண்டியின் மேலே கிடந்த உறையை நாங்கள் இரண்டு பேருமாக உருவினோம். அவன் உள்ளே உட்கார்ந்து கிளப்பினான், மூக்குத் தூக்குகிற பொத்தானை அமுக்கினான். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வழுக்கையில் இரண்டு சொட்டு விழுந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். "விழுதுலே" என்று திரும்பிக் கத்தினேன். அவன் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினான். நீட்டியபடியே இருந்தான். காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு கிழக்கே போய்விட்டது. அவன் கையில் ஒன்றும் விழவில்லை.

"என் தலையில விழுந்துது" என்றேன்.

"உன் தலையில எப்பவும் விழும்" என்று எஞ்சினை அணைத்தான். அன்றைக்கு அவன் என்னைக் கேலி செய்தது அது ஒன்றுதான். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்றால் பாருங்கள்.

மறுநாள் காலை கிளம்பிப் போனான். என் மனைவி அவனுக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தாள். "இவுக பேச்ச இனிமே நம்பாதீங்க அண்ணாச்சி. எதுன்னாலும் எனக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்றாள். அவன் அதற்குச் சிரித்தான்.

ஆனி பாதியில் சீசன் பிடித்தது. பிடித்தது என்றால் அப்படியொரு பிடி. மெயின், ஐந்தருவி, பழைய குற்றாலம், எல்லாவற்றிலும் தண்ணீர் வாரிக் கொட்டியது. குத்துக்கல்வலசை வரைக்கும் சாரல் பூவாக வந்து விழுந்தது. பஸ்ஸில் எல்லோர் தலையும் ஈரம். என்னிடம் யார் "தண்ணி விழுதா?" என்று கேட்டாலும், தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவனுக்குப் போன் போட்டு, தண்ணி விழுது என்றேன்.

"எந்தத் தண்ணி?" என்றான் முதலில். அப்புறம், "நல்லா விழட்டும். இங்க நாப்பத்தெட்டு டிகிரி. நாலாவது மாடி இன்னும் படுத்தி எடுக்குது" என்றான்.

"ஒரு நாளைக்கு வர முடியாதா?"

"நாலு நாளு முடிஞ்சு போச்சுல்லா."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு செட்டு வாசலுக்கு வந்தேன்.

"லே" என்றான், கொஞ்சம் பொறுத்து. "ஒண்ணு செய்யேன். வண்டிய செட்டுக்கு வெளிய கொஞ்சம் தள்ளி நிறுத்து. உறைய எடுத்துரு. கண்ணாடிய இறக்கி வை. ஒரு மணி நேரம் நனையட்டும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். ஆறேழு அடி. தள்ளுவதற்குக் கல்யாண மண்டபத்திலிருந்து நாலு ஆளைக் கூப்பிட்டால் முடிந்திருக்கும். எனக்கோ அந்த ஒற்றை வைப்பர் கண் முன்னால் வந்தது. சீட்டு வந்தது. உள்ளே எங்கேயாவது ஒயர் நனைந்து, விமானத்தில் ஆள் வந்து, அவனுக்கு ரூம் போட்டு, எல்லாம் ஒரு நொடியில் வந்துபோயிற்று. ஏற்கெனவே ஒரு தடவை தண்ணீரால் கெட்டது போதும் என்று மனது அடித்துக்கொண்டது. மனது அடித்துக்கொண்டால் என் வாய் விளையாடும்.

"வண்டிக்குச் சளி புடிச்சா எவம்லே மூக்குச் சிந்திவிடுவான்?" என்றேன்.

அவன் சிரித்தான். நான் எதிர்பார்த்ததைவிடக் கூடவே சிரித்தான். மறுபடி கேட்கவில்லை. நானும், அவன் இன்னொரு தடவை கேட்டால் செய்துவிடலாம் என்று சீசன் முடியும்வரை இருந்தேன். கேட்காமல் செய்திருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியபோதெல்லாம் செட்டுக்குள் போய் ஒரு தார்ப்பாயைக் கூடுதலாகப் போட்டு மூடிவிட்டு வந்தேன்.

ஆவணியில் பேப்பர் முடிகிற நாள் நெருங்கியதும் கொச்சியிலிருந்து மூடிய லாரி வந்தது. வெளியே தூறிக்கொண்டுதான் இருந்தது. லாரிக்காரர்கள் செட்டு வாசலோடு வாசலாக லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, வண்டியை இழுத்து ஏற்றி, கதவை மூடிப் பூட்டினார்கள். செங்கோட்டை ரோட்டில் போனார்கள். அவன் அதை அங்கேயே ஒருவருக்கு விற்றுவிட்டான். வண்டி குற்றாலத்துக்குப் போகவில்லை. அந்த வருஷம் நானும் போகவில்லை.